கலப்பினத்தில் ஜெயித்தது யார்?

"அக்கா, இந்த மூன்றில் எது ஜெயித்தது?" என்று கேட்டாள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த மாணவி. கணினித் திரையில் கோதுமையின் ஒரு மரபணு மூன்று வரிசைகளாக விரிந்திருந்தது. கோதுமை மூன்று புல் இனங்கள் கலந்து பிறந்தது. ஓர் இனத்திடமிருந்து ஒன்றாக வந்த ஏ, பி, டி என மூன்று துணைத்தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அந்த மரபணுவின் ஒரு பிரதி. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எழுத்துகள்தான். 150 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்று எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறியிருக்கும் எழுத்துகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பிரதியில் சைட்டோசின் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் தைமின் இருக்கும். அந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் துணுக்கின் பிறப்பிடத்தைச் சொல்கிறோம். வேறுபாடே இல்லாத பகுதியில் விழுந்த துணுக்கு யாருடையது என்று சொல்லவே முடியாது, அதை ஒதுக்கிவைத்துவிடுவோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேரிலிருந்து எடுத்த மாதிரி. டி வரிசையில் துணுக்குகள் குவிந்திருந்தன. பி வரிசையில் ஒன்றிரண்டுதான்.

கேள்வியில் தவறேதும் இல்லை. எங்கள் துறை முழுவதும் இப்படித்தான் பேசுகிறது. எந்தத் துணைத்தொகுதிக்கு ஆதிக்கம், எது அடங்கிப்போனது, எது முந்தியது என்பவை கட்டுரைத் தலைப்புகளிலேயே இருக்கின்றன. "வேரில் டி" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இரண்டு, மூன்று இனங்களின் மரபணுத்தொகுதிகள் ஒரே உட்கருவுக்குள் சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு, ஜெயிப்பது தோற்பது என்ற கணக்கில் அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள முடியுமா? முடியாது என்பதுதான் நாளாக நாளாக என் எண்ணமாக உறுதிப்பட்டிருக்கிறது. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சராசரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு இனங்கள் கலந்தால் பிறப்பது இரண்டுக்கும் நடுவே இருக்கும் என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. 1920களில் ரஷ்ய விஞ்ஞானி கார்ப்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்தார். இரண்டுக்கும் 18 குரோமோசோம்கள். பிறந்த கலப்பினம் பெரும்பாலும் மலடாக இருந்தது. குரோமோசோம்கள் இரட்டித்து 36 ஆன செடிகள் விதை கொடுத்தன. மண்ணுக்குக் கீழே முள்ளங்கி, மேலே முட்டைக்கோஸ் என்று ஒரே செடியில் இரண்டு அறுவடை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பயன்படாத வேரும் பயன்படாத இலையும்தான். பயிராக அது தோற்றது. ஆனால் தொலைவான இரண்டு இனங்களைச் சேர்த்து, தன்னளவில் இனப்பெருக்கம் செய்யும் புதிய தாவரத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முடியும் என்று காட்டிய வேலை அது. ஸ்டாலின் ஆட்சி 1941இல் அவரைச் சுட்டுக் கொன்றது. மரபியல் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரியைக் கடந்து போவது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

மரபணு வெளிப்பாட்டை அளக்கும் காலம் வந்தபோது இதே எதிர்பார்ப்பு எண்ணாக மாறியது. தாயில் ஒரு மரபணு எவ்வளவு ஆர்.என்.ஏ. தருகிறது, தந்தையில் எவ்வளவு என்று அளந்து, இரண்டின் சராசரியைக் கோடாகப் போட்டுக்கொள்கிறோம். கலப்பினம் அந்தக் கோட்டில் விழுந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை, விலகினால் அது செய்தி. பெரும்பாலான மரபணுக்கள் கோட்டின் அருகில்தான் விழுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடுகுக் குடும்பத்துச் சிறு செடிகளான அராபிடாப்சிஸ் தாலியானாவையும் அராபிடாப்சிஸ் அரெனோசாவையும் கலந்து உருவாக்கிய செடிகளில், 2006இல் ஜெஃப்ரி சென் குழு அளந்தபோது, தெளிவாக விலகியவை நூற்றுக்கு ஐந்தாறு மரபணுக்கள்தான். ஆனால் விலகியவற்றில் பெரும்பாலானவை ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தாலியானாவில் உரக்க வெளிப்பட்டவை அடங்கி, அரெனோசாவின் அளவை ஒத்திருந்தன.

இந்த இடத்தில் ‘அரெனோசா ஜெயித்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். பருத்தியில் ஜானதன் வெண்டல் குழு அங்கேயே நின்று இன்னொரு கேள்வி கேட்டது. ஒரு மரபணுவின் மொத்த வெளிப்பாடு ஒரு பெற்றோரின் அளவுக்கே வந்து நிற்கிறது என்றால், அந்த அளவை உண்டாக்குவது எந்தப் பிரதி? 2013இல் வெளியான அவர்களின் விடை என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பருத்தியின் இரு பெற்றோரையும் ஏ, டி என்றே குறிக்கிறார்கள்; கோதுமையின் ஏ, டி வேறு. மொத்த அளவு ஏ பக்கப் பெற்றோரைப் போல இருக்கிறதென்றால், பெரும்பாலும் மாறியிருப்பது ஏ பிரதி அல்ல. எதிர்ப்பக்கத்து டி பிரதிதான் தன் குரலைக் கூட்டியோ குறைத்தோ அந்த அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதாவது, ‘தோற்ற’ பக்கம் என்று நாம் எழுதிவைக்கும் பக்கத்தில்தான் வேலை நடந்திருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

சராசரிக் கோட்டிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் அளப்பது பெரும்பாலும் விகிதம்: மொத்த ஆர்.என்.ஏ.வில் இந்த மரபணுவின் பங்கு எவ்வளவு என்பது. மரபணுத்தொகுதி இரட்டித்த செடியின் செல் பெரிதாகிறது. ஒரு செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ.வின் மொத்தமும் மாறுகிறது. சோயாவின் காட்டு உறவினம் ஒன்றில் கோட், டாயில் இருவரும் அளந்து பார்த்தபோது, கலப்புப் பன்மடியத்தின், அதாவது கலந்து இரட்டித்த செடியின், ஒரு செல்லில் பெற்றோர் இனங்களைவிடச் சுமார் 1.4 மடங்கு ஆர்.என்.ஏ. இருந்தது. இரட்டிப்பானால் இரண்டு மடங்கு என்று நினைப்போம், அப்படியும் இல்லை. மொத்தமே இப்படி நகர்ந்துவிட்டால், பங்கை வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று தீர்ப்பு எழுதுவதில் எத்தனை கவனம் வேண்டும்!

கலந்த நேரமா, இரட்டித்த நேரமா?

கலப்புப் பன்மடியத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. அந்நிய மரபணுத்தொகுதிகள் ஒன்றுசேர்வது ஒன்று. அவை இரட்டித்து, குரோமோசோம்களுக்கு இணை கிடைத்து, செடி விதை தரத் தொடங்குவது மற்றொன்று. ஆய்வுக்கூடத்தில் இரண்டாவதை நாமே செய்துகொள்ளலாம். செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் என்ற நஞ்சு, பிரியும் செல்லின் இழைகளைக் குலைத்து குரோமோசோம்களை இரட்டிக்க வைத்துவிடும். வெளிப்பாட்டைக் கலைத்துப் போடுவது இரண்டில் எது என்பது நீண்டகாலக் கேள்வி.

வேல்ஸ் நாட்டில் 1948இல் கண்டறியப்பட்ட செனீசியோ கேம்பிரென்சிஸ் என்ற மஞ்சள் பூச் செடி இதற்கு நல்ல விடை தந்தது. அதன் பெற்றோரில் ஒன்றான செனீசியோ ஸ்குவாலிடஸ், சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவுகளிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு தாவரத் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து தப்பி, ரயில் பாதையோரச் சரளைக் கற்களில் பிரிட்டன் முழுக்கப் பரவிய செடி. உள்ளூர்க் களையான செனீசியோ வல்காரிஸோடு கலந்தது. முதலில் பிறப்பது 30 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி. அது இரட்டித்து 60 ஆனதுதான் கேம்பிரென்சிஸ். 2006இல் ஹெகார்ட்டியும் சக ஆய்வாளர்களும் மலட்டுச் செடியையும் இரட்டித்த செடியையும் தனித்தனியே அளந்தார்கள். பெரும் குலைவு மலட்டுச் செடியில்தான் இருந்தது. இரட்டித்த பிறகு அதில் கணிசமான பங்கு அடங்கியிருந்தது. கலைப்பது கலப்பு. இரட்டிப்பு அதைத் தணிக்கிறது. நான் படித்த பாடநூல்கள் குரோமோசோம் எண்ணிக்கைக்குத் தந்த முக்கியத்துவத்தை, இரண்டு அந்நியத் தொகுதிகள் முதன்முதலாகச் சந்திக்கும் அந்த ஒரு தலைமுறைக்குத் தரவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் இன்னும் அழகான சான்று இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய மூன்று டிராகோபோகான் இனங்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து, தமக்குள் கலந்து, இரண்டு புதிய இனங்களைத் தந்தன. மேரியன் ஓன்பி 1950இல் அவற்றை விவரித்தார். பரிணாமத்தின் கணக்கில் இது நேற்று நடந்த சங்கதி. பெற்றோர் இன்னும் அதே நிலத்தில் பூக்கிறார்கள். பிள்ளைக்கு வயது சுமார் 40 தலைமுறைகள். 2011இல் வெளியான ஆய்வில், புதிதாகக் கலந்து உருவாக்கிய செடிகளையும் இயற்கையில் 40 தலைமுறை கண்ட செடிகளையும் ஒப்பிட்டார்கள். புதிதாகக் கலந்தவற்றில், பெற்றோரிடம் இருந்த ‘இந்த மரபணு இந்தத் திசுவில் மட்டும்’ என்ற கட்டுப்பாடு தளர்ந்துபோயிருந்தது. அடங்கியிருக்க வேண்டிய இடத்திலும் மரபணுக்கள் வெளிப்பட்டன. 40 தலைமுறை கடந்த செடிகளில் கட்டுப்பாடு திரும்பி வந்திருந்தது. ஆனால் பழைய பாணியில் வரவில்லை. எந்தப் பிரதி எந்தத் திசுவில் அடங்குவது என்பதில் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய ஏற்பாடு உருவாகியிருந்தது. பிள்ளை யாரைப் போல என்று பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு எந்தப் பட்டியலிலும் அகப்படாது.

ஒருவர் சாவி, இன்னொருவர் பூட்டு

கலப்பு இப்படிக் கலைப்பது ஏன்? ஒரு மரபணு எப்போது, எங்கே, எவ்வளவு வெளிப்பட வேண்டும் என்பதை இரண்டு வகைச் செய்திகள் தீர்மானிக்கின்றன. மரபணுவை ஒட்டிய டி.என்.ஏ. வரிசை ஒன்று, அது பூட்டைப் போல அந்தப் பிரதியோடேயே இருக்கும். அந்த வரிசையில் வந்து ஒட்டும் புரதங்கள் மற்றொன்று. அவை சாவிகள், செல்லுக்குள் எங்கும் நடமாடும். பெற்றோர் இனங்களில் பூட்டும் சாவியும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே மாறிவந்தவை, அதனால் பொருந்துகின்றன. இரண்டு தொகுதிகளும் ஒரே உட்கருவில் சேர்ந்த அந்த நொடியிலிருந்து, தாய்வழிச் சாவிக்குத் தந்தைவழிப் பூட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சில திறக்கின்றன, சில பாதி திறந்து சிக்குகின்றன, சில திறக்கவே இல்லை.

பூக்கும் காலத்தில் இது கண்கூடாகத் தெரிகிறது. கலப்புக்குப் பயன்படுத்திய தாலியானா வகை சீக்கிரமே பூத்துவிடும். பூப்பதைத் தள்ளிப்போடும் எஃப்.எல்.சி. என்ற மரபணு அதனிடம் இருக்கிறது. அதைத் தூண்டிவிட வேண்டிய எஃப்.ஆர்.ஐ. மரபணுதான் செயலற்றுப் போயிருக்கிறது. அரெனோசாவிடம் செயல்படும் எஃப்.ஆர்.ஐ. உண்டு. இரண்டும் கலந்ததும், அரெனோசாவின் எஃப்.ஆர்.ஐ. புரதம் தாலியானாவின் எஃப்.எல்.சி.யைத் தூண்டிவிடுகிறது. செடி சீக்கிரம் பூப்பதை நிறுத்திவிடுகிறது. பூக்காமல் நிறுத்தியது யார்? தாலியானாவின் மரபணு, அரெனோசாவின் உத்தரவில். இதில் எந்தப் பெற்றோருக்கு வெற்றிப் புள்ளி போடுவது? இரண்டும் சந்தித்ததால் மட்டுமே நடந்தது இது. தனித்தனியே எத்தனை தலைமுறை வளர்த்தாலும் எந்தச் செடியிலும் நடந்திருக்காது.

கலப்பினங்கள் பெற்றோரைவிடச் செழித்து வளர்வதற்கும் இப்படியொரு சந்திப்பே ஒரு காரணம். 2009இல் வெளியான ஆய்வில், அராபிடாப்சிஸ் கலப்பினங்களில் உடற்கடிகாரத்தை நடத்தும் சி.சி.ஏ.1 என்ற மரபணு பகலில் வழக்கத்தைவிட அடங்கியிருந்தது. அது அடக்கிவைத்திருந்த மரபணுக்கள் அந்த நேரத்தில் ஓங்கின. பச்சையமும் மாவுச்சத்தும் கூடின. ஒரு மரபணு, அதுவும் சில மணி நேரத்துக்கு, குரலைத் தாழ்த்தியதில் செடி பெருத்தது. வெளிப்பாடு குறைவதை இழப்பாகவே எழுதிப் பழகிய எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்துப்போனது.

ஒரு பக்கம் தாழ்வது ஏன்?

இதையெல்லாம் சொல்லும்போது, துணைத்தொகுதி ஆதிக்கம் என்பதே பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. ஸ்காட்லாந்தில் 2011இல் கண்டறியப்பட்ட மிமுலஸ் பெரிகிரினஸ் என்ற ஓடையோரச் செடியைப் பாருங்கள். வட அமெரிக்காவின் மிமுலஸ் குட்டேட்டஸும் தென் அமெரிக்காவின் மிமுலஸ் லூட்டியஸும் அலங்காரச் செடிகளாகப் பிரிட்டனுக்கு வந்து, தோட்டங்களைத் தாண்டிக் கலந்ததில் பிறந்தது அது. முதல் தலைமுறைக் கலப்பினம், ஆய்வுக்கூடத்தில் இரட்டித்த செடி, இயற்கையில் நிலைபெற்ற செடி மூன்றையும் வரிசையாக அளந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, லூட்டியஸ் பக்கம் கலந்த தலைமுறையிலேயே ஓங்கத் தொடங்கி, தலைமுறைகள் கூடக்கூட இன்னும் ஓங்குவதைக் காட்டியது.

காரணம் மரபணுக்களைவிட அவற்றின் அக்கம்பக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது. தாவரங்களின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி தாவும் மரபணுக்கள். அவை கிளம்பிவிடாமல் இருக்க, செல் அவற்றின்மீது மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் பதித்து அடக்கிவைக்கிறது. அந்த அடக்குமுறை ஒட்டியிருக்கும் நல்ல மரபணுவின்மீதும் கொஞ்சம் கசிகிறது. எந்தப் பெற்றோரின் மரபணுக்களைச் சுற்றித் தாவும் மரபணுக்கள் அதிகமாக மண்டியிருக்கின்றனவோ, கலப்பினத்தில் அந்தப் பக்கம் தாழ்கிறது. மிமுலஸில் முதல் கலப்பினத்தில் இந்தக் குறிகளில் ஒரு வகை குறைந்து, பிறகு இரு பக்கமும் வெவ்வேறு விதமாகத் திரும்பப் பதிந்ததையும் அளந்திருக்கிறார்கள். இனம் விட்டு இனம் கலப்பது மரபணுத்தொகுதிக்குப் பேரதிர்ச்சி என்று, தாவும் மரபணுக்களைக் கண்டறிந்த பார்பரா மெக்லின்டாக் 1983இல் நோபல் உரையில் சொன்னபோது, அவர் மனத்தில் இருந்தவையும் இந்தத் தாவும் மரபணுக்கள்தான். புதிதாக உருவாக்கிய கோதுமையில் அப்படியொன்று விழித்தெழுந்து, தான் படியெடுக்கப்படும்போது பக்கத்து மரபணுவையும் சேர்த்தே இழுத்துவிடுவதை 2003இல் காஷ்குஷ், ஃபெல்ட்மன், லெவி மூவரும் காட்டினார்கள்.

ஆக, ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது அந்தப் பிரதியின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஒரே பூவில் இரண்டு பதில்கள்

என் எண்ணத்தை முழுவதுமாகத் திருப்பிப் போட்டது பருத்தி. நாம் உடுத்தும் பருத்தியில் பெரும்பகுதியைத் தரும் காசிப்பியம் ஹிர்சூட்டம் ஒரு கலப்புப் பன்மடியம். 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பழைய உலகத்து ஏ வகைப் பருத்தி ஒன்றும் அமெரிக்கக் கண்டத்து டி வகை ஒன்றும் கலந்ததில் பிறந்தது. 2003இல் ஆடம்ஸும் வெண்டல் குழுவினரும் 40 மரபணு இணைகளை எடுத்துக்கொண்டு, எந்த உறுப்பில் எந்தப் பிரதி வெளிப்படுகிறது என்று பார்த்தார்கள். இன்றைய கருவிகள் அப்போது இல்லை. ஜெல்லில் ஓடவிட்டு, ஏ பிரதியின் பட்டை ஓரிடத்தில், டி பிரதியின் பட்டை சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியைத் தரும் ஏ.டி.எச்.ஏ. மரபணுவின் படத்தைத்தான் நான் நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே உறுப்புகளின் பெயர்கள், கீழே கறுப்புப் பட்டைகள். சில கட்டங்களில் இரண்டு பட்டைகளும் இருக்கின்றன. சிலவற்றில் மேலது மட்டும், சிலவற்றில் கீழது மட்டும். ஒரே பூவுக்குள், கைவிரல் நுனி அளவு இடைவெளியில் இருக்கும் உறுப்புகளில், ஒன்றில் ஒரு பெற்றோரின் பிரதி முற்றாக அடங்கியிருக்கிறது; மற்றொன்றில் அதே பிரதி முழுப்பொறுப்பையும் ஏற்று, எதிர்ப் பிரதி அடங்கியிருக்கிறது. டி.என்.ஏ. எல்லா உறுப்பிலும் ஒன்றுதான். எந்தப் பிரதியும் அழியவில்லை. எங்கே யார் பேசுவது என்பது மட்டும் உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. இலையை மட்டும் அளந்திருந்தால் ஒரு தீர்ப்பு எழுதியிருப்போம். பூவின் ஓர் உறுப்பை மட்டும் அளந்திருந்தால் நேர்மாறான தீர்ப்பு. இரண்டுமே அளந்தவரையில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

லியூவும் ஆடம்ஸும் 2007இல் அதே மரபணுவை எடுத்து நாற்றுகளுக்கு நெருக்கடி கொடுத்துப் பார்த்தார்கள். வித்திலைக்குக் கீழுள்ள தண்டில், நாற்றைத் தண்ணீரில் மூழ்கவைத்தபோது ஒரு பிரதி மட்டும் வெளிப்பட்டது. குளிரில் வைத்தபோது அது அடங்கி, மற்றது மட்டும் வெளிப்பட்டது. ஒரே உறுப்பு, ஒரே வயது. வந்த தொல்லை மட்டும் வேறு. இதைப் படித்த பிறகு, கோதுமைத் திரையில் துணுக்கு இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு வரிசையைப் பார்த்தால், இந்தப் பிரதி எந்தத் தொல்லைக்காகக் காத்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றுகிறது. காத்திருக்காமல் வெறுமனே செத்துப்போயிருக்கவும் கூடும். ஆனால் அதைச் சொல்லும் முன் குளிரிலும் வெள்ளத்திலும் பூவிலும் விதையிலும் தேடிப் பார்க்கும் கடமை நமக்கு இருக்கிறது.

அடங்கியது அழியவில்லை என்பதற்குக் கடுகுக் குடும்பத்தில் பழைய சான்றே இருக்கிறது. கலப்பினத்தில் ஒரு பெற்றோரின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் கூட்டத்தோடு அடங்கிவிடுவது 1930களிலேயே குரோமோசோமைப் பார்த்துக் கண்டறியப்பட்டது. பிராசிக்கா கலப்புகளில் இதற்கு ஒரு படிவரிசையே உண்டு. கருங்கடுகான நைக்ரா சேர்ந்தால் அதன் மரபணுக்கள் வெளிப்படும். டர்னிப் இனமான ராப்பாவும் முட்டைக்கோஸ் இனமான ஒலரேசியாவும் சேர்ந்தால் ராப்பாவினுடையவை. சென், பிக்கார்டு இருவரும் 1997இல் அடங்கிய பக்கத்தைப் பின்தொடர்ந்து போனார்கள். இலையில் ஓசையில்லாமல் கிடந்த அந்த மரபணுக்கள் பூவின் உறுப்புகளில் மறுபடி வெளிப்பட்டன. மெத்தில் குறியைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தால் இலையிலும் எழுந்தன. ஒவ்வொரு செல்லும் வேலைமெனக்கெட்டு அவற்றை அடக்கிவைத்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள்.

பருத்தியை விட்டுப் போகுமுன் ஒன்று. டி வகைப் பருத்திகள் நூற்கத்தக்க இழையைத் தருவதில்லை. ஏ வகைதான் இழை தரும். அப்படியானால் நம் பருத்தியின் இழைத் தரம் முழுக்க ஏ துணைத்தொகுதியின் கைவண்ணம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1998இல் இழையின் தரத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் பகுதிகளை வரைபடமாக்கிப் பார்த்தபோது, அவற்றில் பல டி துணைத்தொகுதியில் இருந்தன. தனக்கென ஓர் இழைகூட நூற்கத் தராத இனத்தின் மரபணுக்கள், இன்னோர் இனத்தோடு சேர்ந்த பிறகு இழையை மேம்படுத்தும் பணியில் இறங்கியிருக்கின்றன. வெற்றி தோல்விக் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மூன்றையும் கணக்கில் எடுத்தால்

எதிர்வாதமும் வலுவானதுதான். மக்காச்சோளத்தின் முன்னோடி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கலந்து இரட்டித்தது. இன்று அதன் இரு பாதிகளையும் ஒப்பிட்டால், தாழ்ந்து வெளிப்பட்ட பாதிதான் அதிக மரபணுக்களை இழந்திருக்கிறது. ஷ்னாபிள், ஸ்பிரிங்கர், ஃப்ரீலிங் மூவரும் 2011இல் இதைக் காட்டினார்கள். குறைவாகப் பேசும் பிரதி தொலைந்தால் செடிக்கு நட்டம் குறைவு; எனவே இயற்கைத் தேர்வு அதைக் காப்பாற்ற மெனக்கெடுவதில்லை. நெடுங்காலப் போக்கில் தாழ்ந்த பக்கம் தேய்கிறது என்பதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் தேய்வதற்கு எடுக்கும் அந்த லட்சக்கணக்கான ஆண்டுகள் முழுவதும் இரண்டு பிரதிகளும் செடிக்குள் இருக்கின்றன. பருத்தியைப் போல வெவ்வேறு உறுப்பையும் வெவ்வேறு தொல்லையையும் பங்கிட்டுக்கொண்ட பிரதிகள் நிலைத்தும்விடலாம். மூன்று தொகுதிகளும் சேர்ந்த ஆறுமடியக் கோதுமைக்கு வயது சுமார் 10,000 ஆண்டுகள். அதில் எதுவும் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

2018இல் கோதுமையின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது 1,07,891 மரபணுக்கள் உறுதியாகக் கணக்கிடப்பட்டன. அதே ஆண்டு, மூன்று துணைத்தொகுதிகளிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்கும் மரபணுக்களின் வெளிப்பாட்டை ஏராளமான திசுக்களிலும் சூழல்களிலும் ஒப்பிட்டார்கள். சுமார் 70 விழுக்காடு மரபணுக்களில் மூன்று பிரதிகளும் ஏறக்குறையச் சமமாக வெளிப்பட்டன. நாங்கள் கூட்டம் கூட்டமாகப் பேசுவதெல்லாம் மீதி 30 விழுக்காட்டைப் பற்றி.

பயிர் மேம்பாட்டில் இறங்கியவர்கள் இந்தப் பேச்சுக்குக் காத்திருக்க முடியாது. மூன்றையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சாம்பல் நோய்க்கு வழிவிடும் எம்.எல்.ஓ. மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் சீன விஞ்ஞானிகள் கோதுமையில் மரபணுத் திருத்தம் செய்து நோயைத் தடுத்தது, ஏ, பி, டி மூன்று பிரதிகளையும் ஒரே செடியில் செயலிழக்க வைத்துத்தான். ஒன்றைத் திருத்திவிட்டு மற்ற இரண்டும் தாழ்ந்தவை, பொருட்படுத்த வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்தச் செடி கிடைத்திருக்காது. வி.ஆர்.என்.1 மரபணுவில் கதை நேரெதிர். குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூப்பேன் என்று கோதுமை அடம்பிடிப்பது, அந்த மரபணு குளிர் வரும்வரை அடங்கிக் கிடப்பதால். மூன்று பிரதிகளில் ஏதேனும் ஒன்றின் கட்டுப்பாட்டு வரிசை மாறி, குளிரில்லாமலே வெளிப்படத் தொடங்கினால் போதும், மற்ற இரண்டும் உறங்கினாலும் செடி பூத்துவிடும். இளவேனில் கோதுமை வகைகள் பலவும் இப்படி வந்தவைதான். சிலவற்றில் ஏ பிரதி எழுந்திருக்கிறது, சிலவற்றில் பி, சிலவற்றில் டி.